புற்றுநோய்: கடைசி நேர வசூலைவிட முதல் நாள் துணை பெரிது

ஜும்ஆ தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் ஓர் அறிவிப்பு வரும். "நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரிக்குப் புற்றுநோய். சென்னையில் தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். பத்து லட்சம் ரூபாய் தேவைப்படுகிறது. உங்களால் இயன்றதைக் கொடுத்து உதவுங்கள்." பள்ளிவாசல் வாசலில் துண்டு விரிக்கப்படும். மாலைக்குள் அதே செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். துபாயிலும் ரியாத்திலும் கோலாலம்பூரிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்புவார்கள். ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து, அதே குழுவில் ஜனாஸா அறிவிப்பும் வரும்.

இந்தக் காட்சியைப் பார்க்காத ஊர் நம்மில் குறைவு. கொடுத்தவர்களின் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொள்வதே இல்லை. அந்தச் சகோதரி தன் மார்பில் கட்டியை முதன்முதலில் தொட்டு உணர்ந்த நாளில் அவருக்கு என்ன தேவைப்பட்டது? அநேகமாக ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஒரு துணையும், சில நூறு ரூபாயும் போதுமாக இருந்திருக்கும். அன்று கிடைக்காத அந்தச் சிறிய உதவிக்கு ஈடாகத்தான் இன்று லட்சங்களைத் திரட்டுகிறோம்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் தினம். 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு அதன் மையக்கருத்து, ஒவ்வொரு நோயாளியும் தனித்துவமானவர், அவருக்கேற்ற கவனிப்பே வேண்டும் என்பதைச் சுற்றி அமைந்துள்ளது. பெரிய மருத்துவமனைகளின் விளம்பரங்களிலும் "முழுமையான, தனிநபருக்கேற்ற சிகிச்சை" என்ற சொற்கள் அடிக்கடி வருகின்றன. முழுமையான சிகிச்சை என்றால் என்ன, அதில் மருத்துவமனையின் பங்கு எதுவரை, குடும்பமும் ஜமாஅத்தும் சுமக்க வேண்டிய பங்கு எது என்பதைப் பார்ப்போம்.

நோயின் அளவு சிறியதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கொடுத்த கணக்கின்படி, 2022இல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 14 லட்சம் பேர். அந்த ஆண்டில் இறந்தவர்கள் சுமார் 9 லட்சம் பேர். பெண்களிடம் மார்பகப் புற்றுநோயும் கருப்பைவாய்ப் புற்றுநோயும், ஆண்களிடம் வாய்ப் புற்றுநோயும் முன்னிலையில் இருக்கின்றன. இந்த மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றையுமே பெரிய கருவிகள் இல்லாமல், ஆரம்பக் கட்டத்திலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

12 படுக்கைகளில் தொடங்கிய பாடம்

முழுமையான சிகிச்சை என்பது கார்ப்பரேட் மருத்துவமனைகள் கண்டுபிடித்த புதுச்சொல் அல்ல. அதன் பொருளை அறிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் வரலாற்றைப் பார்த்தால் போதும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். மருத்துவர்களே புற்றுநோயை மரண தண்டனையாகக் கருதிய காலம் அது. அதற்கென்று தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்கள் பலர். ஆயினும் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டி, 1954 ஜூன் மாதம் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். 2005இல் மகசேசே விருதும் 2016இல் பத்ம விபூஷணும் பெற்ற சாந்தா, 2021 ஜனவரி 19 அன்று 93 வயதில் மறையும்வரை அந்த வளாகத்தோடேயே வாழ்ந்தார்.

அங்கே உருவான முறையைக் கவனியுங்கள். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு 1960களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. நோயாளிகளின் பதிவேடு முறையாகப் பராமரிக்கப்பட்டது. பணம் கட்ட இயலாதவர்களுக்கு இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ சிகிச்சை தரப்பட்டது. மனநல ஆலோசனைக்கும், புகையிலையை விடுவதற்கும் தனிப் பிரிவுகள் பின்னர் சேர்ந்தன. நோயைப் பார்க்கும்போது நோயாளியின் வீட்டையும் பையையும் மனத்தையும் சேர்த்துப் பார்ப்பது என்பதே இதன் சாரம்.

இது நம் மரபுக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மஸ்ஜிதுந் நபவியின் வளாகத்திலேயே கூடாரம் அமைத்துக் காயமுற்றோரைக் கவனித்தவர் ருஃபைதா (ரலி). அகழ்ப்போரில் காயமடைந்த சஅத் பின் முஆத் (ரலி) அங்கேதான் வைக்கப்பட்டார்கள். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை வக்ஃபு வருமானத்தில் நடந்தது. ஏழை, பணக்காரர், ஆண், பெண் என எல்லோருக்கும் அங்கே இடமிருந்தது. நோயாளியைப் பராமரிப்பது சமூகத்தின் பொறுப்பு என்ற எண்ணம் நம் வரலாற்றின் நடுவிலேயே இருக்கிறது.

ஒரே பெயர், வேறு வேறு நோய்

"பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே மார்பகப் புற்றுநோய்தான். அவர்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள், உங்களுக்கு மட்டும் ஏன் கீமோ?" நலம் விசாரிக்க வருபவர்கள் இப்படிக் கேட்டுவிட்டுப் போவார்கள். நோயாளிக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒரே பெயரில் இருந்தாலும் இவை ஒரே நோய் அல்ல. மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த சதையைச் சோதிக்கும்போது, அது ஹார்மோனால் தூண்டப்பட்டு வளர்கிறதா, ஹெர்-2 என்ற புரதம் அதில் மிகுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஹார்மோன் சார்ந்ததென்றால் பல ஆண்டுகள் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். ஹெர்-2 மிகுந்த வகை, மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 15 முதல் 20 சதவீதம். அதற்கென்றே தனி ஊசி மருந்து உண்டு. இரண்டும் இல்லாத வகைக்கு மருந்துத் திட்டமே வேறு. நோயாளியின் வயது, இருதயம், சர்க்கரை, நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

ஆகவே நல்ல மையங்களில் ஒரே மருத்துவர் தனியாக முடிவெடுப்பதில்லை. அறுவை சிகிச்சை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், மருந்து சிகிச்சை நிபுணர், நோய்க்குறியியல் நிபுணர் ஆகியோர் உட்கார்ந்து பேசித் திட்டம் வகுப்பார்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "என் நோயைப் பற்றிக் குழுவாகப் பேசினீர்களா? என்ன முடிவு?"

தனிநபருக்கேற்ற மருந்து என்றால் பணக்காரர்களுக்கு மட்டும் என்ற எண்ணமும் முழு உண்மையல்ல. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் என்ற மாத்திரை இதற்குச் சான்று. அந்த நோயை உண்டாக்கும் குறிப்பிட்ட மரபணுக் கோளாற்றின் மீது மட்டும் அது வேலை செய்யும். மரணம் உறுதி என்று கருதப்பட்டவர்கள், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் நிலைக்கு வந்தார்கள். நோவார்டிஸ் நிறுவனம் விற்ற மருந்துக்கு மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்துக்குச் சுமார் 8 முதல் 10 ஆயிரம். நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2013 ஏப்ரல் 1 அன்று நீதிமன்றமும் மறுத்துவிட்டது. நோயாளிகளின் சங்கம் ஒன்றும் அந்த வழக்கில் எதிர்த்து நின்றது. கொள்கைக்காகப் போராட ஆளிருந்தால் மருந்தின் விலை இறங்கும் என்பதற்கு இது சாட்சி.

சிகிச்சை எங்கே அறுந்துபோகிறது?

மருத்துவமனை திட்டம் போட்டுக் கொடுத்துவிடும். அந்தத் திட்டத்தைக் கடைசிவரை நடத்துவது வீட்டின் வேலை. பல குடும்பங்கள் தோற்பது இங்கேதான்.

கதிர்வீச்சு சிகிச்சை என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து முதல் ஏழு வாரம். ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள்தான். ஆனால் தினமும் போக வேண்டும், இடையில் விடக்கூடாது. கீமோ என்றால் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வீதம் ஆறு அல்லது எட்டு முறை. அதிராம்பட்டினத்திலிருந்தோ மேலப்பாளையத்திலிருந்தோ வரும் ஒரு குடும்பத்துக்கு இதன் பொருள் என்ன? ஒன்றரை மாதம் சென்னையில் தங்க வாடகை அறை, சாப்பாடு, ஆட்டோ, கூட இருப்பவரின் வேலை இழப்பு, ஊரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும் இந்தச் செலவு இலவசமில்லை.

எனவே நாலாவது கீமோவோடு நின்றுவிடுகிறார்கள். கட்டி கரைந்துவிட்டது, உடம்பு தேறிவிட்டது என்று நினைத்து ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து நோய் திரும்பும்போது, முதல் முறை கேட்ட மருந்துக்கு அது கட்டுப்படாமல் போகக்கூடும். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் இது இன்னும் வேதனை. முறையாக முடித்தால் குணமாகும் வாய்ப்பு மிகுந்த நோய் அது. ஆனால் சிகிச்சை இரண்டு ஆண்டுக்கு மேல் நீளும். வளரும் நாடுகளில் குழந்தைகள் இறப்பதற்கு, சிகிச்சையைப் பாதியில் விடுவது ஒரு முக்கியக் காரணம்.

2025-26 மத்திய பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையம் அமைக்கப்படும் என்றும், முதல் ஆண்டில் 200 மையங்கள் வரும் என்றும் அறிவித்தார்கள். சொன்னபடி நடந்தால் கீமோ ஊசிக்காக ஒவ்வொரு முறையும் சென்னைக்கு ஓட வேண்டிய தேவை குறையும். கதிர்வீச்சுக்கும் பெரிய அறுவை சிகிச்சைக்கும் பெரிய மையத்துக்குத்தான் போயாக வேண்டும். ஆகவே பயணச் சுமை குறையுமே தவிர, மறைந்துவிடாது.

நம் பெண்கள் ஏன் தாமதமாகப் போகிறார்கள்?

வெளியே சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு வருவோம். கட்டி இருப்பது தெரிந்தும் மாதக்கணக்கில் சொல்லாமல் இருக்கும் பெண்கள் நம் வீடுகளில் உண்டு. வெட்கம் ஒரு காரணம். ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பாரே என்ற கூச்சம் இன்னொன்று. கணவர் வளைகுடாவில் இருப்பார். அவர் லீவில் வரட்டும் என்று காத்திருப்பார்கள். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால், "உம்மாவுக்குக் கேன்சராம்" என்று பேச்சு பரவி சம்பந்தம் நின்றுபோகுமோ என்ற பயம் எல்லாவற்றையும்விடப் பெரிது.

1885இல் சென்னையில் கோஷாப் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் பெற்றிருந்தாலும், பழைய ஆட்களின் வாயில் அது இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். பெண்களின் கூச்சத்தை மதித்து மருத்துவத்தை அமைக்க முடியும் என்பதை 140 ஆண்டுக்கு முன்பே இந்த நகரம் காட்டியிருக்கிறது. இன்றைக்குப் பெண் மருத்துவரைக் கேட்பது நோயாளியின் நியாயமான உரிமை. பரிசோதனையின்போது வீட்டுப் பெண் ஒருவர் கூட இருக்கலாம். பெண் மருத்துவர் கிடைக்காத இடத்தில், உயிரைக் காக்கும் தேவைக்காக ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை என்பதை நம் ஆலிம்கள் மிம்பரில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுக்கும் பரிசோதனை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். மார்பில் வலியில்லாத கட்டி, தோல் சுருக்கம், காம்பிலிருந்து இரத்தக் கசிவு. மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு. வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறப்பது சிரமமாவது. இவை தெரிந்தால் கணவர் லீவில் வரும்வரை காத்திருக்கலாகாது.

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்க எச்.பி.வி. தடுப்பூசி இருக்கிறது. உள்நாட்டிலேயே தயாராகிறது. 14 வயதுச் சிறுமிகளுக்கு அதைப் படிப்படியாக வழங்க 2025-26 தமிழக பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவிக்கப்பட்டது. "நம் பிள்ளைகள் ஒழுக்கமாக வளர்கிறார்கள், இது எதற்கு?" என்ற கேள்வி நம்மிடையே வருகிறது. ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பு இந்த ஊசியில் இல்லை. வைரஸ் உடலில் நுழைவதற்கு முன்பே போட்டால் பலன் அதிகம் என்பதால் சிறுவயதில் போடுகிறார்கள். ஒழுக்கமான ஒரு பெண்ணுக்கு அந்த வைரஸ் மணவாழ்வின் வழியாகவும் வரலாம். பெற்றோர் வதந்தியைக் கேட்காமல் மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்கட்டும்.

ஆண்களுக்கும் ஒரு சொல். பீடி, சிகரெட், பான் மசாலா, புகையிலை போட்ட வெற்றிலை ஆகியவை வாய்க்கும் தொண்டைக்கும் நுரையீரலுக்கும் வரும் புற்றுநோயின் பெருங்காரணங்கள். விட நினைப்பவர்களுக்கு 1800 11 2356 என்ற தேசிய இலவச எண்ணில் ஆலோசனை தருகிறார்கள். ரமளானில் பகல் முழுவதும் விட முடிகிறவருக்கு, இரவிலும் விட முடியும்.

நோயாளி ஒரு முஸ்லிமாகவும் இருக்கிறார்

தனிநபருக்கேற்ற கவனிப்பில் அவருடைய மார்க்கக் கடமைகளும் அடங்கும். இதைப் பெரும்பாலான மருத்துவர்கள் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

கதிர்வீச்சுக்காக உடலில் மை அடையாளம் போடுவார்கள். அது அழிந்தால் கதிர் விழும் இடம் தவறிவிடலாம். உளூவும் குளிப்பும் எப்படிச் செய்வது என்பதை முதல் நாளே செவிலியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குடல் அறுவை சிகிச்சைக்குப் பின் வயிற்றில் பை பொருத்தப்பட்டவர்கள், "இனி என் தொழுகை கூடுமா?" என்று மனம் நொந்து தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். தொடர்ந்து அசுத்தம் வெளியேறும் நிலையில் இருப்பவர்களுக்கு ஃபிக்ஹில் தெளிவான சலுகைச் சட்டங்கள் இருக்கின்றன. உட்கார்ந்தும் படுத்தும் தொழலாம், தண்ணீர் தீங்கு தருமென்றால் தயம்மும் இருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆலிம் அந்த வீட்டுக்குப் போனால், அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

நோன்பு விஷயத்தில் நம் நோயாளிகள் பிடிவாதக்காரர்கள். கீமோ நடக்கும்போது நீர்ச்சத்து குறைவது சிறுநீரகத்தைப் பாதிக்கும். நோயாளிக்கு நோன்பை விட குர்ஆனே அனுமதி அளித்திருக்கிறது. குணமானபின் களா செய்யலாம், குணமடைய வாய்ப்பில்லாதவருக்கு ஃபித்யா இருக்கிறது. மருத்துவர் வேண்டாம் என்றபின் நோன்பு வைப்பது தக்வா ஆகாது. இளம் வயதில் கீமோ தொடங்கும் தம்பதிகள் இன்னொன்றையும் முன்கூட்டிக் கேட்க வேண்டும்: பிள்ளைப்பேறு பாதிக்கப்படுமா, அதைக் காக்க வழியுண்டா? கீமோ தொடங்கியபின் கேட்டுப் பயனிருக்காது.

நோய் விசாரிப்பு நம்முடைய அழகிய சுன்னத். அதையும் நோயாளிக்கேற்றபடி செய்ய வேண்டும். கீமோவுக்குப் பின் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது சளி, இருமலோடு ஒருவர் போய் உட்கார்ந்தால், நோயாளிக்கு அது உயிராபத்தாகவே முடியலாம். அந்த நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்கக் கூடாது. விசாரிக்கப் போகிறவர்கள், "இன்னாருக்கும் இதேதான், இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை" என்ற கதைகளை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகட்டும்.

ஓதிப் பார்ப்பதும், துஆவும், ஸம்ஸமும், கருஞ்சீரகமும் நமக்கு ஈமானோடு சேர்ந்தவை. அவற்றைச் செய்யலாம், மருத்துவத்தோடு சேர்த்துச் செய்யலாம். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்களே வழிகாட்டியிருக்கும்போது, தவக்குலின் பெயரால் சிகிச்சையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அப்படிச் சொல்லிப் பணம் வாங்குபவர்களை ஜமாஅத் அடையாளம் காட்ட வேண்டும்.

பணம்: எங்கே, எப்போது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் பயன்படுத்தலாம். 1800 425 3993 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். தகுதியிருந்தும் அட்டை எடுக்காத குடும்பங்கள் நம் தெருக்களில் இருக்கின்றன. நோய் வந்தபின் வருமானச் சான்றுக்கு அலைவதைவிட, இன்றே எடுத்து வைப்பது நல்லது.

ரயிலில் சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. கூடச் செல்பவருக்கு அந்த வகுப்புகளில் 75 சதவீதச் சலுகை. மருத்துவமனை தரும் சான்றிதழ் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் 30க்கும் மேற்பட்ட உயிர்காக்கும் மருந்துகளுக்கு ஜிஎஸ்டி நீக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் புற்றுநோய் மருந்துகளும் உண்டு.

ஸகாத்தின் முதல் உரிமையாளர்கள் ஏழைகளும் தேவையுடையோரும். கடனில் மூழ்கியவர்களும் அந்த எட்டு வகையினரில் அடக்கம். வறிய புற்றுநோயாளி இதில் வருவார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மருத்துவக் கருவி, கட்டடம் போன்றவற்றுக்கு ஸகாத்தைக் கொடுக்கலாமா என்பதில் பல அறிஞர்கள் கூடாது என்கிறார்கள். அவற்றுக்கு ஸதகாவையும் வக்ஃபையும் பயன்படுத்தலாம். உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டு, இரண்டையும் தனித்தனிக் கணக்காக வைப்பது பைத்துல்மாலுக்கு எளிது.

கடைசிக் கட்டத்தில் பெருந்தொகை திரட்டும்போது ஒரு கேள்வியைத் துணிந்து கேட்க வேண்டும்: "இந்தச் சிகிச்சையால் என்ன பலன் எதிர்பார்க்கிறீர்கள்?" பலன் இல்லையென்று மருத்துவரே சொல்லும் நிலையில், வீட்டை விற்று வென்டிலேட்டருக்குக் கட்டுவது நோயாளிக்கும் வேதனை, பிள்ளைகளுக்கும் கடன்.

மலப்புரம் காட்டும் வழி

குணப்படுத்த முடியாத நிலையிலும் வலியைப் போக்க முடியும். இதில் உலகமே பார்த்து வியந்த முறை நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் வலி தணிப்பு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். மருத்துவமனைக்கு வர முடியாதவர்களே அதிகம் என்பது விரைவில் தெரிந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 2000களின் தொடக்கத்தில் அதை ஊர்மக்களே கையில் எடுத்தார்கள். கடைக்காரர், ஆசிரியர், மாணவர், இல்லத்தரசி எனத் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்று, செவிலியரோடு வீடு வீடாகப் போனார்கள். படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டினார்கள். வறிய வீட்டுக்கு அரிசி கொண்டுபோனார்கள். பெரும் பணக்காரர்களை நம்பாமல், உள்ளூர் மக்கள் மாதந்தோறும் தரும் சிறு தொகைகளில் அது நடந்தது. 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது.

அங்கே மருத்துவர் கண்காணிப்பில் தரும் மார்ஃபின் மாத்திரை விலை மலிவானது. வலியில் துடிப்பவருக்கு அதைக் கொடுக்க நம் வீட்டார் அஞ்சுகிறார்கள். போதை, ஹராம் என்கிறார்கள். மருத்துவத் தேவைக்காக, அளவோடு, மருத்துவர் சொற்படி தருவது வேறு, போதைக்காக உண்பது வேறு என்பதை அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். வலி தணிந்தால்தான் அந்த மனிதர் கலிமாவை நிம்மதியாக மொழிய முடியும், பிள்ளைகளிடம் பேச முடியும்.

ஒரு ஜமாஅத் என்ன செய்யலாம்?

பெரிய அமைப்பு எதுவும் தேவையில்லை. ஒரு மஹல்லாவில் ஐந்தாறு பேர் போதும்.

ஆண்களில் இருவர், பெண்களில் மூவர் என ஒரு சிறு குழு. யாருக்காவது சந்தேகம் இருந்தால், வெளியே தெரியாமல் இவர்களிடம் சொல்லலாம் என்ற நம்பிக்கை முதலில் உருவாக வேண்டும். ரகசியம் காப்பது இந்தக் குழுவின் முதல் தகுதி.

ஆண்டுக்கு இருமுறை மதரஸாக் கட்டடத்தில் பெண்களுக்கு மட்டும் பரிசோதனை முகாம். ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேட்டால் பெண் மருத்துவரும் செவிலியரும் வந்து பார்க்க ஏற்பாடு செய்ய முடியும். ஆலிமாக்கள் முன்னால் நின்றால் மற்றப் பெண்கள் வருவார்கள்.

சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்காட்டி. அடுத்த கீமோ எப்போது, யார் கூடப் போவது, டிக்கெட் எடுத்தாயிற்றா என்று பார்க்க ஒருவர். அவர் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஒரு தவணையும் தவறாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

சென்னை, மதுரை போன்ற ஊர்களில் நம்மவர்களின் வீடுகளும் அறக்கட்டளைக் கட்டடங்களும் இருக்கின்றன. மருத்துவமனைக்குப் பக்கத்தில் இரண்டு அறைகளை வக்ஃபாக ஒதுக்கினால், ஆண்டு முழுவதும் எத்தனையோ குடும்பங்கள் சிகிச்சையை முடித்து வீடு திரும்பும். மதம் பார்க்காமல் கொடுத்தால் அதன் அழகு இன்னும் கூடும்.

பைத்துல்மாலில் நோயாளிகளுக்கென்று தனி நிதி. பரிசோதனைக்கும் பயணத்துக்கும் முதலில், பெரிய செலவுக்குப் பிறகு. காப்பீட்டு அட்டை எடுக்காத வீடுகளுக்கு ரமளானுக்கு முன்பே எடுத்துக் கொடுப்பதும் இதன் வேலை.

மருந்தைக் கண்டுபிடிப்பதும் கருவியை இயக்குவதும் நம் கையில் இல்லை. ஒரு சகோதரியை முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும், எட்டாவது கீமோவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நம் கையில் இருக்கின்றன. அடுத்த ஜும்ஆவில் துண்டு விரிக்கும் முன்பு, நம் மஹல்லாவில் இப்போது சிகிச்சையில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் எவருடைய அடுத்த தவணை இந்த வாரம் என்று முத்தவல்லி ஒரு பட்டியல் எடுத்துப் பார்க்கட்டும்.

நோயுற்ற ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களுக்குத் துணை நிற்கும் வாய்ப்பை நமக்கும் தருவானாக. ஆமீன்.